22-ஆம் நாள் காலையில்

பாளையங்கோட்டையிலிருந்து

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஜெபத்துக்குப் பதில் வரக் காத்திருந்த காலத்தில் எதை எதிர்கொண்டீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். மூன்று நாள் யோசித்துவிட்டு, தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். "எழுதுக்கா, என் பேரை மட்டும் போடாத" என்றான்.

2011 ஐப்பசியில் அவன் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து இறங்கினான். அப்போது வயது 24. முதல் வாரம் முழுக்கத் தூங்கவே இல்லை. பக்கத்து வீட்டு மாமா சுவருக்குள் இருந்துகொண்டு தன்னைத் திட்டுகிறார் என்றான். ஜன்னல்களில் எல்லாம் செய்தித்தாள் ஒட்டினான். டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் ஓரளவு அடங்கியது, சாப்பிட்டான், தூங்கினான். அந்த நேரத்தில்தான் வெளியூரில் இருந்து ஒரு ஊழியக்காரர் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். "இது வியாதியே இல்லை, ஆவி. விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்றார். அம்மா மாத்திரையை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நான் தடுக்கவில்லை. அதை இன்றைக்கும் ஆண்டவரிடம் சொல்லி அழுகிறேன்.

11-ஆம் நாள் ராத்திரி அவனைக் காணவில்லை. எங்கள் சபை ஐயர் (போதகர்) பைக்கை எடுத்துக்கொண்டு தாழையூத்து, கங்கைகொண்டான் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய்ப் பார்த்து, மறுநாள் மத்தியானம் மணியாச்சி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கண்டுபிடித்தார். தண்டவாளத்தை ஒட்டியே நடந்து போயிருக்கிறான். காலில் செருப்பில்லை. உள்ளங்கால் இரண்டிலும் தோல் உரிந்து, ஜல்லி குத்திய இடமெல்லாம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஐயர் அவனை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, நேரே டாக்டரிடம் கொண்டுபோனார். அதற்கு அப்புறம்தான் எங்களிடம் பேசினார். "அவன் மாத்திரை சாப்பிடட்டும்மா. நாம சாப்பிடாம ஜெபிப்போம்" என்றார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை.

அப்படித்தான் 2012 ஜனவரியில் அம்மாவும் நானும், வேதாகமத்தில் தானியேல் தீர்க்கதரிசி மூன்று வாரம் இருந்தது போல, தானியேல் உபவாசம் தொடங்கினோம். 21 நாள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் மத்தியானம் மட்டும் கஞ்சி. காலண்டரில் கடைசி நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தேன். 22-ஆம் நாள் காலை தலைகுளித்து, நல்ல சேலை உடுத்தி, இட்லி சாம்பார் வைத்தேன். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைத் தூக்கி அம்மா தலைக்கு மேலே சுவரில் அடித்தான். "விஷம்" என்று கத்தினான்.

அம்மா ஒன்றும் பேசாமல் தரையைத் துடைத்தார்கள். சுவரில் ஒட்டிய மஞ்சள் மட்டும் போகவில்லை. அதற்கு மேலே வாக்குத்தத்த காலண்டரை மாட்டிவிட்டார்கள்.

அன்று ராத்திரி தானியேல் 10-ஆம் அதிகாரத்தை நான் விசுவாசத்தோடு வாசிக்கவில்லை. சண்டை போடத்தான் வாசித்தேன். அத்தனை வருஷம் வாசித்தும் கண்ணில் படாத ஒன்று அன்றைக்குப் பட்டது. பதில் கொண்டுவந்த தூதனைப் பெர்சியாவின் அதிபதி 21 நாள் எதிர்த்து நின்றான் என்பதை, அந்தத் தூதன் வந்த பிறகுதான் தானியேல் கேட்கிறார். அதுவரைக்கும் மேலே ஒரு யுத்தம் நடப்பதே அவருக்குத் தெரியாது. அந்த நாட்களில் அவருக்கு ருசியான அப்பம் இல்லை, இறைச்சி இல்லை, எண்ணெய் பூசவில்லை. தூதன் வந்தது முதலாம் மாதம் 24-ஆம் தேதி. அப்படியென்றால் அதே மாதம் 14-ஆம் தேதி வரும் பஸ்கா பண்டிகையும் அந்த மூன்று வாரத்துக்குள்ளேயே வந்து போயிருக்கிறது. பண்டிகை நாளிலும் அந்த வயதான மனிதர் துக்கத்தோடு இருந்திருக்கிறார். இத்தனை நாளில் பதில் வந்துவிடும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. காலண்டரில் வட்டம் போட்டது நான்தான். ஆனால் தூதன் சொன்ன முதல் சேதி என்ன? "முதல்நாள் துவக்கி உன் வார்த்தைகள் கேட்கப்பட்டது." அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் ஓட்டியிருக்கிறேன்.

யுத்தம் என்று சொன்னால் கூச்சலும் தலைவிரி கோலமும்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. எனக்கு அது வந்தது நாலாவது வருஷம், விடியற்காலை மூன்று மணிக்கு. தண்ணீர் வரும் நேரம், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கிறேன். "இவன் செத்துப்போனால் எல்லாருக்கும் நிம்மதி" என்று ஒரு நினைப்பு வந்தது. வேறு யாரோ சொல்வதுபோல இருந்திருந்தால் விரட்டியிருப்பேன். அது என் சொந்தக் குரலில், ரொம்ப நியாயமாக வந்தது. குடம் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியவில்லை. எபேசியர் 6-இல் பவுல் திரும்பத் திரும்ப நிற்கச் சொல்கிறாரே, சர்வாயுதவர்க்கமும், அதாவது தேவன் தரும் முழுப் போர்க்கவசமும், அந்த நிற்பதற்குத்தானே, அதன் அர்த்தம் எனக்கு அங்கேதான் புரிந்தது. உள்ளே போனேன். அவன் போர்வை விலகிக் கிடந்தது. பாதத்தில் அந்தப் பழைய தழும்புகள். போர்வையை இழுத்து மூடிவிட்டு, "ஆண்டவரே, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் இவனை நேசிக்கப் பெலன் தாரும்" என்றேன். ஒரு வருஷத்துக்குக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கையெடுத்துக் கேட்கிறேன், இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் யார் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஜெபத்துக்கு அது தடை இல்லை.

*

சாயர்புரத்திலிருந்து

தங்கச்சி, உங்கள் ஐயர் சொன்னதை என் டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன். கர்த்தர் அவரை ஆசீர்வதிப்பாராக.

நானும் என் வீட்டம்மாவும் 1988-இல் ராஜ்மகால் மலைக்கு மிஷனரியாகப் போனோம். அன்றைக்கு அது பீகார், இப்போது ஜார்க்கண்ட். மால்தோ ஜனங்கள் மத்தியில் வேலை. அவர்கள் பாஷை நம்முடைய திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. முதல் நாள் சந்தையில் அந்தப் பேச்சு காதில் விழுந்தபோது, இவ்வளவு தூரம் வந்து சொந்தக்காரர்களைப் பார்த்தது போல இருந்தது. ஆனால் எங்களை முதலில் வரவேற்றது மலேரியாதான். அப்புறம் காலா அசார் என்ற கருங்காய்ச்சல். கூட இருந்த ஊழியத் தம்பி ஒருவர் மூளை மலேரியாவில் நாலே நாளில் போய்விட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. குழி வெட்ட வெட்ட உள்ளே தண்ணீர் ஊறியது. அவரைத் தண்ணீரிலேயேதான் இறக்கினோம்.

நான் சொல்ல வந்தது வேறு. மாதா மாதம் ஊழிய அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் 'ஞானஸ்நானம் பெற்றோர்' என்று ஒரு கட்டம் இருக்கும். 43 மாதம் அதில் பூஜ்யம் எழுதினேன். மூன்றாம் வருஷம் ஒரு மூத்த ஊழியர், நல்லெண்ணத்தோடுதான், "ஆர்வமாகக் கேட்கிறவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்களேன். தாங்குகிற ஜனங்கள் சோர்ந்துபோவார்கள்" என்று சொன்னார். அன்று ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 4 என்று எழுதினால் போதும், யாரும் 1,500 மைல் தாண்டி வந்து எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

வேதாகமத்தில் இஸ்ரவேலின் ராஜா சவுல், பலி செலுத்தத் தீர்க்கதரிசி சாமுவேல் வருவார் என்று கில்காலில் ஏழு நாள் காத்திருந்தான். சாமுவேல் வரவில்லை, ஜனங்கள் சிதறிப்போகிறார்கள், பெலிஸ்தர் எதிரே நிற்கிறார்கள். பலியைத் தானே செலுத்தினான். செலுத்தி முடித்த உடனே சாமுவேல் வந்து நிற்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் போதும். சத்துரு சவுலைச் சிலை வணங்கச் சொல்லி இழுக்கவில்லை, ஆண்டவருடைய வேலையையே அவசரமாகச் செய்ய வைத்தான். அதை நினைத்துக்கொண்டு பூஜ்யமே எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து நாசரேத் பக்கத்திலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. மாதம் பத்து ரூபாய் அனுப்பித் தாங்கிய ஒரு விதவைத் தாயார். "தம்பி, மறுபடியும் பூஜ்யம் என்று வாசித்தேன். நீங்கள் உள்ளதை எழுதுவதால் எதற்கு ஜெபிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது" என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கார்டு இன்னும் என் வேதாகமத்தில் இருக்கிறது.

ஒருமுறை ஊருக்கு வரும் வழியில் சீராம்பூரில் இறங்கி ஹூக்ளி ஆற்றங்கரைக்குப் போனேன். இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793 நவம்பரில் வங்காளத்தில் வந்து இறங்கினார். அவருடைய ஊழியத்தின் முதல் பலனாகக் கிருஷ்ண பால் என்ற தச்சர் அந்த ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28. ஏழு வருஷம். இதைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அந்த ஏழு வருஷத்தில் கேரியின் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை யாரும் நின்று சொல்வதில்லை. வந்த மறு வருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் செத்துப்போனான். அந்தத் துக்கத்துக்குப் பிறகு அவர் மனைவி டாரதிக்கு மனம் பேதலித்தது. 1807-இல் இறக்கும் வரை அந்த அம்மாள் தேறவில்லை. ஒரு அறையில் அவர் வேதத்தை மொழிபெயர்க்கிறார், பக்கத்து அறையில் மனைவி கத்துகிறாள். தங்கச்சி, உங்கள் வீட்டைப் பற்றி வாசித்தபோது எனக்கு டாரதி அம்மாள்தான் கண்முன் வந்தார்கள். ஆண்டவர் கேரியைக் கைவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. அவர் வீட்டுக்குள்ளும் அந்தச் சத்தம் இருந்தது.

44-ஆம் மாதம் ஒரு கிழவரும் அவர் பேரனும் ஓடையில் இறங்கினார்கள். 2 என்று எழுதினேன்.

*

வேலூரிலிருந்து

நீங்கள் எல்லாரும் காத்திருந்தவர்கள். நான் காக்க வைத்தவன். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவர் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் மனைவி எனக்காக 14 வருஷம் ஜெபித்தாள். நான் குடிப்பேன். சபைக்குப் போகிறவர்களை ஏசுவேன், அவளுடைய ஐயரை வாசலிலேயே நிறுத்தி அனுப்பியிருக்கிறேன். வேலை முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் திண்ணை லைட் எரியும், சோறு தட்டு போட்டு மூடியிருக்கும், தட்டுக்கு மேலே ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு நாளும் அது மாறியதில்லை. நான் அடித்த நாளிலும்தான். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. அவள் திருப்பி ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், அதைக் காரணம் காட்டி இன்னும் குடித்திருப்பேன். அவளுடைய பொறுமை எனக்குச் சாக்குச் சொல்ல இடமே வைக்கவில்லை. இப்படிச் சொல்வதால் அடிபட்டுக்கொண்டு இருங்கள் என்று எந்தத் தங்கைக்கும் நான் சொல்லவில்லை. அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் இருந்திருக்கலாம், அங்கிருந்தும் ஜெபித்திருப்பாள்.

2019 ஜூனில் அவள் போனாள். புற்றுநோய். நான் முதன்முதலாகச் சபைக்குள் போய் உட்கார்ந்தது அக்டோபரில். நாலு மாதம்.

போன வருஷம் ஐயர், ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனைப் பற்றிப் பேசினார். தாய் மோனிக்கா பல வருஷம் கண்ணீரோடு ஜெபித்தார்கள், மகன் 387-இல் மிலானில் ஞானஸ்நானம் பெற்றான், அதே வருஷம் ஒஸ்தியா துறைமுகத்தில் தாய் கண்ணை மூடினார்கள். அந்த அம்மாளுக்குப் பார்க்கக் கிடைத்தது. என் மனைவிக்குக் கிடைக்கவில்லை. எபிரெயர் 11-இல், வாக்குத்தத்தங்களை அடையாமல் தூரத்திலே அவைகளைக் கண்டவர்களைப் பற்றி வாசிக்கும்போது அங்கே அவள் பெயரும் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றும். இப்போது ராத்திரி திண்ணை லைட்டை நான் போடுகிறேன். என் மகன் இன்னும் கோபத்தில் இருக்கிறான், என்னோடு பேசுவதில்லை. அவனுக்கு அந்த உரிமை இருக்கிறது. சோறு மூடி வைக்கிறேன்.

*

பாளையங்கோட்டையிலிருந்து மறுபடியும்

அண்ணாச்சி, வேலூர் ஐயா, இரண்டு பேர் எழுதியதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். டாரதி அம்மாள் பெயரை இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்கள். ஐயாவின் மகனுக்காக இன்று முதல் ஜெபிப்பதாகச் சொல்லச் சொன்னார்கள்.

தம்பி இப்போது எப்படி இருக்கிறான் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முழுச் சுகம் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எழுதினால் அது அந்த அறிக்கையில் 4 என்று போட்டது மாதிரி ஆகிவிடும். குரல்கள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. மாத்திரை தொடர்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒரு மோசமான மாதம் வந்துவிடுகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஜமுக்காளம் விரிப்பது அவன்தான். எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு வாசல்படியில் போய் உட்கார்ந்துகொள்வான், உள்ளே வரமாட்டான். பாட்டு மட்டும் அங்கிருந்தே பாடுவான்.

போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். காலண்டரைக் கழற்றியதும் அந்த மஞ்சள் கறை அப்படியே இருந்தது. அவன் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். "இது நான் பண்ணதா அக்கா?" என்றான். ஆமாம் என்றேன். இரண்டு கோட் அடித்தான். அப்புறம் ஏணியில் இருந்து இறங்கி, அம்மா பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டான்.