பேப்பருக்குள் வரும் மனை நோட்டீஸ்: கடலூர், புதுச்சேரி அனுபவங்கள்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

வீடு, மனைத் தரகர்களைப் பற்றி இந்த வாசகர் கடிதப் பகுதியில் பலரும் கசப்போடுதான் எழுதுகிறீர்கள். எனக்கு நல்லவர் ஒருவர் வாய்த்தார். அவர் விளம்பரம் செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பாவின் காலத்துக்குப் பிறகு, கெடிலம் ஆற்றை ஒட்டிய எங்கள் பழைய வீட்டை விற்க முடிவு செய்தோம். முதலில் வந்த தரகர்கள் நாளிதழில் வரி விளம்பரம் கொடுத்தால் போதும் என்றார்கள். இவர் வேறு மாதிரி பேசினார். "சார், விழுப்புரத்துக்காரர் இந்தத் தெருவில் வீடு வாங்க வர மாட்டார். வாங்கப்போகிறவர் நாலு தெரு தள்ளி வாடகைக்கு இருப்பார். இல்லையென்றால் அவருடைய தங்கை இங்கே வாழ்க்கைப்பட்டிருப்பாள்" என்றார். நோட்டீஸ் அச்சடித்துப் பேப்பர் ஏஜென்ட்டிடம் கொடுத்து, எங்களைச் சுற்றியுள்ள தெருக்களுக்குப் போகும் பேப்பர்களில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொன்னார். ஆடி மாதம் முழுக்கப் பொறுத்திருந்தார். ஆடியில் வீடு பார்க்க வருகிறவர்கூட முன்பணம் கொடுக்கத் தயங்குவார், ஆவணி பிறக்கட்டும் என்பது அவர் கணக்கு.

நோட்டீஸில் தெருவின் பெயர், வாசல் பார்த்த திசை, சதுர அடி, பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றிதழ் எந்த ஆண்டிலிருந்து எடுத்திருக்கிறோம், கேட்கும் விலை எல்லாம் இருந்தன. அவற்றுக்குக் கீழே, "2015 வெள்ளத்தில் கூடம்வரை தண்ணீர் வந்தது. பிறகு தரை உயர்த்தப்பட்டது" என்று ஒரு வரி. என் தம்பி கொதித்துவிட்டான். விற்க நினைக்கிறவன் இதை அச்சடிப்பானா என்று கேட்டான். தரகர் நிதானமாகச் சொன்னார்: "கெடிலக்கரையில் வீடு வாங்குகிறவர் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டார் தம்பி. நாம் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அவர் வாயில் இரண்டடி ஐந்தடியாகிவிடும்."

வந்தவர்கள் குறைவு. ஆனால் யாரும் வேடிக்கை பார்க்க வரவில்லை. வாங்கியவர் ஓர் ஆசிரியர். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்தார். தண்ணீர் நின்ற அடையாளத்தைச் சுவரில் காட்டச் சொன்னார், காட்டினோம். அதற்குப் பிறகு பேரம் விலையில் மட்டும்தான். அந்தத் தரகருக்குக் கமிஷன் கொடுத்தபோது எங்களுக்குத் துளியும் வருத்தம் இல்லை.

லாஸ்பேட்டையிலிருந்து:

எனக்கு நேர்ந்தது நேர்மாறு. வழவழப்பான வண்ண நோட்டீஸ், "புதுச்சேரிக்கு மிக அருகில்" என்று கொட்டை எழுத்து. போய்ப் பார்த்தால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் இருந்தது இடம். இரண்டு பகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் நம் பக்கத்தில் இது சின்ன விஷயமா? மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் துறை, பத்திரப்பதிவு அலுவலகம், வழிகாட்டி மதிப்பு, ரேரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் எல்லாமே மாறிவிடும். ரேரா பதிவு எண்ணைக் கேட்டேன். "வந்துகொண்டே இருக்கிறது, நீங்கள் முன்பணம் கொடுங்கள்" என்றார் தரகர். கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள பொய்யை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டால், 12ஆம் பிரிவின் கீழ் மனை போட்டவரிடம் இழப்பீடு கேட்கலாம். நோட்டீஸ், சுற்றறிக்கை எல்லாம் இந்தச் சட்டத்தில் விளம்பரம்தான். ஆகவே தயவுசெய்து அவற்றைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நோட்டீஸில் பெரும்பாலும் தேதி இருக்காது. எந்த நாளிதழோடு, எந்தத் தேதியில் வந்தது என்று அதன் ஓரத்தில் எழுதி, அந்த நாள் பேப்பரின் முதல் பக்கத்தோடு சேர்த்து வையுங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து:

அச்சகத்தில் நோட்டீஸ் வடிவமைக்கும் வேலை எனக்கு. மனை நோட்டீஸ் என்றால் "பஸ் நிலையத்திலிருந்து 5 நிமிடம்" என்ற வரி இல்லாமல் வருவது அரிது. எத்தனை கிலோமீட்டர் என்று போடலாமா என்று கேட்பேன். சிலர் உடனே சரி என்பார்கள், சிலர் வேறு அச்சகத்துக்குப் போய்விடுவார்கள். பதிவு எண்ணைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் மூலையில் போடச் சொல்வதும் உண்டு. நான் அதை விலைக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில் வைத்துத்தான் முதல் புரூஃபைக் காட்டுகிறேன். முறையாக அனுமதி வாங்கியவர்கள் அதை மாற்றச் சொல்வதில்லை.