'பாரசைட்' கொரியப் படத்து வேலைக்காரம்மா, நடிகை லீ ஜங்-உன்: மனசுல ஒட்டிக்கிட்ட ஒரு சீன் சொல்லுங்க

கரிசல்காட்டான்:
கதை சொல்ல வேணாம், எல்லாரும் பாத்திருப்பீங்க. மழை ராத்திரி, காலிங் பெல் அடிக்குது, கேமராவுல வேலைய விட்டு தூக்கின அந்தம்மா மூஞ்சி, நனைஞ்சு வீங்கிப்போய் சிரிக்கிறாங்க. அதக்கூட தாங்கிட்டேன். கீழ போனதும் செவுத்துக்கும், நிலவறை வழிய மறைச்சிருக்க அலமாரிக்கும் நடுவுல உடம்ப குறுக்க குடுத்து, கால் தரையில படாம அந்தரத்துல முட்டுக்குடுத்து தள்றாங்க பாருங்க... தியேட்டர்ல பாதிப்பேர் சிரிச்சுட்டாங்க, எனக்கு வயித்த பெசஞ்சுது. சிரிக்கிற சீனா பயப்படுற சீனான்னு இன்னமும் எனக்குள்ள முடிவாகல, அதான் கேக்குறேன்.

சுவோன்_செல்வம்:
நான் இங்க கொரியாவுல ஃபேக்டரி வேலை. கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தங்க சியோல்ல தேஹாங்னோவுக்கு கூட்டிட்டு போனாங்க, அந்த ஏரியா பூரா குட்டி குட்டி நாடக தியேட்டர்தான், முன் சீட்ல முட்டி இடிக்கும். 'ப்பல்லே'ன்னு மியூசிக்கல், 2005லேந்து போடுறாங்க. மொட்டை மாடியில துணி காயப்போடுற பொண்ணு, பக்கத்து மாடியில சம்பளம் சரியா கிடைக்காத மங்கோலியா பையன். என் கதையாச்சேன்னு அவனையே பாத்துட்டு இருந்தேன். ஆனா ஆள சாய்ச்சது வீட்டுக்கார கெழவிதான். நாள் பூரா வாடகை வாடகைன்னு கத்துற பொம்பள, உள்ரூம்ல உடம்பு முடியாத வளந்த மகள ஊர் கண்ணுல படாம வச்சு பாத்துக்குது. அந்தக் கெழவி ரோல ஒரு காலத்துல லீ ஜங்-உன் பண்ணாங்கன்னு அக்கா வெளிய வந்து சொன்னப்ப அப்படியே நின்னுட்டேன். அங்க உள்ரூம்ல மக, பாரசைட்ல நிலவறையில புருஷன். கரிசல் அண்ணே, அந்த அலமாரிய அவங்க மேடையிலேந்தே தள்ளிட்டு வர்றாங்க.

பூனைக்குட்டி_பானு:
எல்லாரும் 'வேலைக்காரம்மா வேலைக்காரம்மா'ன்னே எழுதுறீங்க, கடுப்பா இருக்கு. 2017ல 'ஓக்ஜா' படம் வந்துச்சே, அந்த ராட்சசப் பன்னிக்கு குரல் குடுத்தது இவங்கதான். கடைசியில அந்தக் கொட்டடியில பன்னிங்க ஓலமிடுற சத்தத்துல நான் தேம்பித் தேம்பி அழுதேன், அழுதது ஒரு மனுஷி தொண்டைக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. செல்வம் சொல்றது அழகாத்தான் இருக்கு, ஆனா எல்லாத்தையும் ஒரே நூல்ல கோக்காதீங்க ப்ளீஸ். அந்தம்மா 1991லேந்து நாடகம் போடுறாங்க, கிடைச்ச ரோல் எல்லாம் பண்ணிருப்பாங்க, ரெண்டுல ஒத்துமை வர்றது தற்செயல்.

டிராமா_மாமா:
நான் இவங்கள 'வென் தி கமேலியா ப்ளூம்ஸ்' சீரியல்லதான் பாத்தேன், அம்மா ரோல், அழுதேன், அவ்ளோதான். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க, இவங்க படத்த டப்பிங்ல பாக்காதீங்க. பாரசைட்ல வடகொரியா டிவி நியூஸ் வாசிக்கிற அம்மா மாதிரி நெஞ்ச நிமித்தி மிமிக்ரி பண்ற சீன் இருக்குல்ல, டப்பிங்ல அது வெறும் கத்தலாத்தான் கேக்கும். 'அவர் ப்ளூஸ்' (Our Blues) சீரியல்ல மீன் கடை வச்சிருக்கவங்களா வருவாங்க, ஜெஜு தீவு பேச்சு, சியோல்காரங்களுக்கே சப்டைட்டில் வேணும், அத டப் பண்ணா என்னத்த மிஞ்சும். ஹெட்போன் போட்டுக்கோங்க, சப்டைட்டில் எழுத்த சின்னதாக்கி கீழ வச்சுக்கோங்க, முதல் தடவை கதைக்கு, ரெண்டாவது தடவை சப்டைட்டிலே இல்லாம குரலுக்கு மட்டும். போன்ல பாக்காதீங்க. ஒன்றரை ஸ்பீடுல ஓட்டுறவங்கள எல்லாம் நான் மனுஷனாவே மதிக்கிறதில்ல.

பூனைக்குட்டி_பானு:
மாமா உங்கள யாரு கேட்டா 😂

தேன்மொழி_கே:
நானும் கமேலியா கேஸ்தான், ஆனா எனக்கு அழுகை வரல, கோவம் வந்துச்சு. மகளா நடிச்ச கோங் ஹ்யோ-ஜின் பொறந்தது 1980, இவங்க 1970. பத்து வயசு வித்தியாசத்துல அம்மா! அதே 2019ல 'தி லைட் இன் யுவர் ஐஸ்' சீரியல்ல 1941ல பொறந்த கிம் ஹே-ஜாவுக்கும் இவங்கதான் அம்மா, அதுக்கு கதையில காரணம் இருக்கு, சொன்னா ஸ்பாய்லர் ஆயிடும். அம்பது வயசு தொடுறதுக்குள்ள இவ்ளோ அம்மா வேஷமான்னு கடுப்பாகி டிவிய ஆஃப் பண்ணிட்டு போயிட்டேன், மறுநாள் அவங்க முகத்துக்காகவே திரும்ப போட்டேன். அந்த வருஷம் கொரியாவோட பெரிய விருது விழா பெக்சாங், ப்ளூ டிராகன் ரெண்டுலயும் துணை நடிகை அவார்டு குடுத்தாங்க. துணையாம்! பாரசைட்ல அந்த பெல் அடிக்கலன்னா பாதிக்கு மேல படமே இல்ல. 2024ல 'மிஸ் நைட் அண்ட் டே' சீரியல்ல ஒருவழியா ஹீரோயின், உள்ள இருபது சொச்சம் வயசுப் பொண்ணு, பகல்ல மட்டும் அம்பது வயசு உடம்பு, அதுல ஆட்டமா ஆடுறாங்க.

கரிசல்காட்டான்:
@தேன்மொழி அந்த மிஸ் நைட் அண்ட் டே எதுல வருதுன்னு சொல்லுங்க, பாக்குறேன். மாமா, ஒன்றரை ஸ்பீடு ஆள் நான்தான், ஸாரி.