மேசை ரம்பத்தில் பலகை திருப்பி அடித்தது: பிழை இயந்திரத்திலா, என் கையிலா?

கேள்வி: பட்டறைக்காரன் (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்கட்டில் சிறு பட்டறை வைத்து, ஜன்னல் சட்டங்களும் பூஜை அலமாரிகளும் செய்து கொடுத்து வருகிறேன். பத்து மாதங்களுக்கு முன்பு, தொழிலை விட்ட ஒருவரிடமிருந்து 10 அங்குல பிளேடு கொண்ட மேசை ரம்பம் ஒன்றை வாங்கினேன். வார்ப்பிரும்பு மேசை, 2 குதிரைத்திறன் மோட்டார். பிளேடின் மேல்மூடியும், பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய இரும்புத் தகடும் அப்போதே இல்லை. வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி எறிந்துவிட்டதாக விற்றவர் சொன்னார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை ஒன்றரை அடி நீளமும் 10 அங்குல அகலமும் உள்ள வேங்கைப் பலகையை, கைடில் (பலகையை நேராக வழிநடத்த மேசைமேல் பூட்டும் சட்டம்) அணைத்து, 8 அங்குல அகலத்துக்குக் கிழித்துக்கொண்டிருந்தேன். வெட்டு முடிய இரண்டு அங்குலமே இருந்தபோது பலகை லேசாக இறுகுவது போலிருந்தது. அதற்குள் அது மேலே எழும்பி, என் இடுப்பில் அடித்து, பின்சுவரில் மோதி விழுந்தது. எலும்புக்குச் சேதமில்லை, ஆனால் பலகையை அழுத்திக்கொண்டிருந்த இடக்கை பிளேடுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் இருந்தது என்பதை நினைத்தால் இன்னும் உறக்கம் வரவில்லை.

விழுந்த பலகையை எடுத்துப் பார்த்தபோது இரண்டு அடையாளங்கள் தெரிந்தன. வெட்டிய ஓரத்தில் பழுப்பும் கறுப்புமாகக் கருகல் இருக்கிறது. அடிப்பக்கத்தில் வில்லை வளைத்தது போன்ற ஓர் ஆழமான கீறல் இருக்கிறது. இவை எதைக் காட்டுகின்றன? பிழை இயந்திரத்திலா, என் கையிலா? கையுறை போட்டுக்கொண்டால் பாதுகாப்பு கூடுமா?

பதில் 1: இயந்திரப் பழுதுநீக்குநர் (கோவை)

வணக்கம். அந்தப் பலகையைத் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். நடந்தது முழுவதும் அதில் பதிவாகியிருக்கிறது.

பிளேடின் முன்புறப் பற்கள் கீழ்நோக்கி இறங்குவதால் மரத்தை மேசையோடு அழுத்திப் பிடிக்கின்றன. பின்புறப் பற்களோ மேசைக்கு அடியிலிருந்து மேலெழுந்து, உச்சியைத் தாண்டி, உங்களை நோக்கி வருகின்றன. பலகை அந்தப் பற்களில் உரசினால் முதலில் தூக்கப்படும், பிறகு பிளேடின் தலைமேல் ஏறிச் சுழன்றபடியே எறியப்படும். நீங்கள் கண்ட வில்வடிவக் கீறல் அந்தச் சுழற்சியின் தடம்தான். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றுமானால், பல்லின் முனை நொடிக்கு ஏறத்தாழ 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதைக் கையால் அழுத்தித் தடுக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

கருகல் எந்தத் துண்டின் ஓரத்தில் இருக்கிறது என்பது முக்கியம். கைடுக்கும் பிளேடுக்கும் நடுவில் இருந்த 8 அங்குலத் துண்டு கருகியிருப்பதால், உங்கள் கைடு பின்முனையில் பிளேடை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்றே கொள்கிறேன். பலகை உள்ளே போகப் போக, குறுகும் சந்தில் மாட்டிக்கொள்கிறது. வெளிப்பக்கத் துண்டு கருகியிருந்தால் கைடு எதிர்த்திசையில் விலகியிருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

சரிசெய்யும் வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள். கைடை நேராகப் பிளேடுக்கு ஒத்து வைக்கக்கூடாது. முதலில் மேசையில் வெட்டியிருக்கும் காடிக்குப் பிளேடை இணையாக்க வேண்டும். அதன் பிறகே அதே காடிக்குக் கைடை இணையாக்க வேண்டும். பிளக்கை உருவிவிட்டு, பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லில் பேனாவால் புள்ளி வையுங்கள். மூலைமட்டத்தின் கட்டையைக் காடியின் விளிம்பில் அணைத்து, அலகின் முனையை முன்பக்கத்தில் அந்தப் பல்லில் படும்படி வைத்துக்கொண்டு, பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கத்துக்குக் கொண்டு சென்று மறுபடி பாருங்கள். வேறு பல்லை வைத்து அளந்தால், பிளேடில் உள்ள கோணலும் கணக்கில் சேர்ந்து உங்களை ஏமாற்றிவிடும். இடைவெளி 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மிகுந்தால், மேசையோடு பிளேடுத் தொகுதியைப் பிணைக்கும் போல்டுகளைத் தளர்த்தி, மரச்சுத்தியலால் தட்டிச் சரிசெய்யலாம். நம் தச்சர்கள் அரை நூல் பிசகைப் பெரிதாக எண்ணுவதில்லை. சட்டம் கோப்பதற்கு அது பொருந்தலாம். இங்கே அரை நூல் என்பது ஒன்றரை மில்லிமீட்டர், பலகையை எறிவதற்கு அதுவே தாராளம்.

இனி அந்தத் தகடு. ரிவிங் நைஃப் எனப்படும் அது, வெட்டிய இரு பகுதிகளும் மீண்டும் நெருங்கிப் பிளேடைக் கவ்வாமலும், பலகை திரும்பிப் பின்புறப் பற்களின் மேல் சாயாமலும் காக்கிறது. அதன் கனம் பிளேடின் உடல் கனத்தைவிட மிகுந்தும், பற்கள் வெட்டும் தடத்தைவிடக் குறைந்தும் இருக்க வேண்டும். உடல் 1.8, தடம் 2.8 மில்லிமீட்டர் என்றால் 2.3 அளவில் தகடு பொருந்தும். பற்களுக்கும் தகடுக்கும் இடைவெளி 3 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். உச்சி பிளேடின் உச்சியைவிடச் சற்றே தாழ்ந்திருக்கட்டும். பிளேடு ஏறி இறங்கும்போது தகடும் உடன் ஏறி இறங்கும்படி, பிளேடைத் தாங்கும் தொகுதியிலேயே அதைப் பொருத்த வேண்டும். நல்ல லேத் பட்டறையில் இதைச் செய்து வாங்கிவிடலாம். அதுவரை இந்த இயந்திரத்தில் நெடுக்குவெட்டு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2: ஓய்வுபெற்ற தச்சர் (காரைக்குடி)

தம்பி, மேலே சொன்னவர் இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னார். நான் மரத்தையும் உங்களையும் பார்த்துச் சொல்கிறேன்.

வேங்கையை எங்கே வாங்கினீர்கள், எத்தனை நாள் உலர வைத்தீர்கள் என்று எழுதவில்லை. ஈரம் வற்றாத மரத்திலும், கணுவைச் சுற்றி ரேகை முறுக்கியிருக்கும் மரத்திலும் ஓர் இறுக்கம் அடைபட்டுக் கிடக்கும். வாய் பிளந்தவுடன் சில பலகைகள் விரியும், சில மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ளும் பலகை, கைடு நேராக இருந்தாலும் பிளேடைக் கவ்வும். அதேபோல் குவிந்தோ முறுகியோ இருக்கும் பலகையை இழைத்து, ஒரு முகத்தையும் ஓர் ஓரத்தையும் நேராக்காமல் மேசையில் ஏற்றக்கூடாது. ஆடும் பலகை பாதி வழியில் சாய்ந்தே தீரும். எங்கள் பக்கத்தில் பழைய வீடுகளைப் பிரித்த தேக்கு நிறைய வருகிறது. அதில் தலை முறிந்த ஆணி புதைந்திருக்கும். காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் நான் ஒரு துண்டையும் அறுத்ததில்லை.

நீங்கள் நின்ற இடமும் தவறு. பலகை இடுப்பில் பட்டது என்றால் பிளேடின் நேர்க்கோட்டில் நின்றிருக்கிறீர்கள். அந்தக் கோட்டுக்கு ஓரமாக நின்று பழகுங்கள். இடக்கை பிளேடைத் தாண்டி ஒருபோதும் போகக்கூடாது. வெளியே விழப்போகும் துண்டைப் பிளேடின் பக்கவாட்டில் அழுத்தவும் கூடாது. தள்ளும் விசை கைடுக்கும் பிளேடுக்கும் நடுவில் உள்ள துண்டின் மேல்தான் இருக்க வேண்டும், அது பிளேடை முழுவதுமாகத் தாண்டும்வரை. அகலம் குறைந்தால் கைக்குப் பதில் தள்ளுகட்டை. ஒட்டுப்பலகையில், மரத்தின் பின்முனையைப் பிடித்துத் தள்ளும்படி குதிகால் போன்ற முனை வைத்து வெட்டிய நான்கைந்து கட்டைகள் மேசையோரம் தொங்கட்டும். கை நீட்டினால் கிடைக்காத தள்ளுகட்டையை எவனும் தேடிப் போய் எடுப்பதில்லை.

கையுறை வேண்டவே வேண்டாம். வெறுங்கை பட்டால் தோல் கிழியும், விரல் போகும். கையுறை நூல் பல்லில் சிக்கினால் கையே உள்ளே இழுக்கப்படும். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி முனை, மோதிரம், கோயிலில் கட்டிவிட்ட கயிறு எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். கயிற்றை அவிழ்க்க மனம் வராதவர்கள் அன்று கை இழைப்புளியோடு வேலை செய்யலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

என் இடது பெருவிரல் நுனி 1994-லிருந்து இல்லை. அன்று வெட்டு முடிந்திருந்தது, சுவிட்சும் அணைந்திருந்தது; சத்தம் அடங்கிவிட்டதே என்று, பிளேடோரம் கிடந்த சிறு சிலாம்பைத் தட்டிவிடக் கை நீட்டினேன். பிளேடு முழுமையாக நின்றிருக்கவில்லை.

பதில் 3: தொழிற்பயிற்சி ஆசிரியை (நாகர்கோவில்)

வணக்கம். மின்சாரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வெட்டின் நடுவே மின்சாரம் நின்றுபோகும். நாம் சுவிட்சை மறந்துவிட்டு, பலகையை விடுவிப்பதற்காகப் பிளேடருகே குனிவோம். மின்சாரம் திரும்பி வரும். சாதாரண விளக்குச் சுவிட்ச் போட்ட இயந்திரம் அந்தக் கணமே ஓடத் தொடங்கிவிடும். பம்புசெட்டுக்குப் போடும் ஸ்டார்ட்டர் போல, மின்சாரம் போனவுடன் தானாக விடுபட்டு, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால் மட்டுமே ஓடும் அமைப்பை இதற்கும் போடுங்கள். சிவப்புப் பொத்தான் முழங்காலாலேயே தட்டும் உயரத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் அவசரத்தில் இரண்டு கைகளும் பலகையில் இருக்கும். 2 குதிரைத்திறனுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும், எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மின்னழுத்தம் இறங்கி மோட்டார் திணறினால், பிளேடு மரத்துக்குள் சிக்கி நிற்கும்.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் உருவாக்கிய சாஸ்டாப் ரம்பம், விரல் பட்டவுடன் ஏறத்தாழ 5 மில்லி நொடியில் அலுமினியக் கட்டையை பிளேடில் பாய்ச்சி நிறுத்திவிடுகிறது. மாணவர்கள் அதைக் காணொளியில் பார்த்துவிட்டு, நமக்கும் அதுதான் தீர்வு என்கிறார்கள். அது விரலைக் காக்கும். பலகை எகிறி வருவதைத் தடுக்க அங்கேயும் ரிவிங் நைஃப்தான் நிற்கிறது.

முகமூடியையும் மறக்க வேண்டாம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கில் துண்டைக் கட்டுவது போதாது, என்95 அணியுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் அதோடு சேரட்டும்.

கேள்வி கேட்டவர்: பட்டறைக்காரன் (கும்பகோணம்)

மூவருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே அளந்தேன். பிளேடு காடிக்கு 0.3 மில்லிமீட்டர் விலகியிருந்தது; கைடு பின்முனையில் 0.9 மில்லிமீட்டர் உள்நோக்கிச் சாய்ந்திருந்தது. கைடைப் பூட்டும்போது அதன் பின்முனை ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நின்றதைக் கண்டு கழற்றிப் பார்த்தால், பூட்டுக்கட்டைக்கு அடியில் மரப்பிசினும் தூளும் கல்லாக உறைந்திருந்தன. அதைச் சுரண்டியபின் கைடு சொன்ன இடத்தில் நிற்கிறது. 2.3 மில்லிமீட்டர் தகடு லேத் பட்டறையிலிருந்து நேற்று வந்தது, ஸ்டார்ட்டரும் மாட்டிவிட்டேன். பலகை இப்போது வெண்ணெய் போல் போகிறது. ஆனால் வேங்கையில் மட்டும் வெளிர் பழுப்பாக ஒரு கருகல் இன்னும் விழுகிறது. பிளேடை மாற்ற வேண்டுமா?

பதில்: இயந்திரப் பழுதுநீக்குநர் (கோவை)

மாற்றுவதற்கு முன் கழுவிப் பாருங்கள். பிளேடைக் கழற்றி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பிசின் உரிந்து வரும். கம்பித் தூரிகையால் கார்பைடு முனைகளைத் தேய்க்க வேண்டாம். உடனே துடைத்து உலர்த்துங்கள். ஒவ்வொரு பல்லையும் வெளிச்சத்தில் பார்த்து, முனை உடைந்தோ, உடலில் வெடிப்போ இருந்தால் அந்தப் பிளேடைத் தூக்கி எறியுங்கள். மாட்டும்போது ஃபிளாஞ்சின் (பிளேடை அச்சில் இறுக்கிப் பிடிக்கும் வட்டு) இரு முகங்களையும் துடைத்துவிடுங்கள், அங்கே ஒட்டும் ஒரு தூள்மணி பிளேடைத் தள்ளாட வைக்கும்.

எத்தனை பல் என்றும் எண்ணிப் பாருங்கள். பிளைவுட்டுக்கான 60 அல்லது 80 பல் பிளேடைப் போட்டு வேங்கையை நெடுக்காகக் கிழித்தால் தூள் வெளியேற இடமின்றி கருகத்தான் செய்யும். நெடுக்குவெட்டுக்கு 24 பல் போதும்.

கேள்வி கேட்டவர்: பட்டறைக்காரன் (கும்பகோணம்)

எண்ணினேன் ஐயா, 60. நாளைக் காலை 24 பல் வாங்கி வருகிறேன்.