வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா?

நொய்யல்கரை:
வயது 31. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை (ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கை ஷிப்மென்ட் அனுப்பும்வரை பார்த்துக்கொள்வது), மாதம் 38,000 ரூபாய். மனைவி வேலைக்குப் போகவில்லை. பெண்ணுக்கு நாலு வயது. போன வருடம் என் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்தது. விலை 180, பத்து சதவீத ராயல்டி. 212 பிரதி விற்று 3,816 ரூபாய் கிடைத்தது. மனைவி அதைச் செலவழிக்காமல் உறையோடு அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

இப்போது ஒரு நாவல் பாதியில் நிற்கிறது. ஷிப்மென்ட் நேரத்தில் வீடு வரும்போது இரவு பதினொன்று ஆகிவிடும், ஒரு வரிகூட ஓடாது. கையில் எட்டு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது. வேலையை விடலாமா? வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள்.

தறிநாடா:
வேண்டாம் தம்பி. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு பிரதிக்கு உங்களுக்கு வருவது 18 ரூபாய். 38,000 வேண்டுமென்றால் மாதம் 2,100 பிரதிக்கு மேல் விற்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு மாதமும்.

தமிழில் பெரிதாக எழுதியவர்களைப் பாருங்கள். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்தார். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தார். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே பெரிய நாவல்களை எழுதினார். சோற்றுக்கு ஒரு வழி இருந்ததால்தான் யாருக்காகவும் வளையாமல் எழுத முடிந்தது.

எழுத்தை மட்டும் நம்பி இறங்கியவர் புதுமைப்பித்தன். பத்திரிகையில் இருந்தார், அப்புறம் பணத்துக்காக சினிமாவுக்குப் போனார். 1948இல் காசநோயோடு திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42. அவர் எழுத்தை அரசு நாட்டுடைமை ஆக்கியது 2002இல். அந்த 54 வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. உங்கள் பெண்ணுக்கு நாலு வயது, தம்பி.

ஆடிக்காற்று:
தறிநாடா அண்ணா, நீங்கள் சொன்ன பெயர்கள் எல்லாம் உண்மை. ஆனால் ஒரு பெயரை விட்டுவிட்டீர்கள். அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டுடியோவிலிருந்து வெளியே வந்தார். 2017இல் சாகும்வரை எழுத்துதான். கஷ்டப்பட்டார், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் கதை மட்டும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. கணையாழி என்ற இலக்கியப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டார், ஆங்கிலப் பத்திரிகைகளுக்கும் எழுதினார்.

நானும் அப்படித்தான். பதினோரு வருடமாக எனக்கு வேறு வேலை கிடையாது. நாவலில் வந்த காசு சொற்பம். மொழிபெயர்ப்பு, சீரியலுக்கு வசனம், ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு (அட்டையில் அவர் பெயர்தான்), ஆஸ்பத்திரிக்கு நோயாளிக் கையேடு என்று எல்லாம் செய்திருக்கிறேன். போன மாதம் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் மாடி ஏறுவதைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு படி ஏறிப் பார்த்தார். ஒரு வாக்கியம் புரியாமல் இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டார். அந்த வாக்கியத்தை அன்றைக்கே மாற்றினேன். இதுவும் எழுத்துத்தான் என்று மனசு ஒப்பினால் வேலையை விடுங்கள். நாவல் மட்டும்தான் எழுத்து என்றால் விடாதீர்கள்.

ஒற்றெழுத்து:
பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். முன்பு அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணையை நம்பியே ஆயிரம் பிரதி அடிப்பார்கள். இப்போது புது எழுத்தாளர் என்றால் நூறு, இருநூறு அடித்துவிட்டு, தீர்ந்தால் மறுபடி அடிக்கிறார்கள். 212 பிரதி விற்றது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நாவல் நின்றது நேரமில்லாமல்தானா? வேலையை விட்டு வந்து ஒரு வருடம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். தீபாவளிக்குக் கம்பெனி பத்து நாள் லீவு விட்டிருக்குமே, அப்போது எத்தனை பக்கம் எழுதினீர்கள்?

நொய்யல்கரை:
நாற்பத்தொன்று. ஊருக்குக்கூடப் போகவில்லை. சாயப்பட்டறை மூடுகிற அத்தியாயம் அப்போது வந்ததுதான்.

ஒற்றெழுத்து:
அப்படியென்றால் என் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தறிநாடா:
நான் வாங்க மாட்டேன். அந்தப் பத்து நாளும் கையில் போனஸ் இருந்தது, முடிந்ததும் திரும்பிப்போக வேலையும் இருந்தது. அந்த நிம்மதியில் வந்த பக்கங்கள் அவை. ஏழாவது மாதம், வாடகை தேதியன்று அதே வேகம் வருமா? நான் 2009இல் வேலையை விட்டேன். ஐந்தாவது மாதம் எழுத உட்கார்ந்தால் தாளின் ஓரத்தில் மளிகைக் கணக்குதான் வரும். மறுபடி தறிக்கே வந்தேன். அதன் பிறகுதான் என் இரண்டு புத்தகமும் வந்தன.

ஆடிக்காற்று:
அண்ணா, இதைச் சொன்னதற்கு நன்றி. பயத்தில் எழுத்து வராது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அதனால் நொய்யல்கரை, எட்டு மாதப் பணத்தைத் தொடவே தொடாதீர்கள். முதலில் வேலையில் இருந்துகொண்டே காசு வருகிற எழுத்து வேலை ஒன்றைப் பிடியுங்கள். சரக்கு வாங்குகிற பையர்களோடு தினமும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவர் நீங்கள், மொழிபெயர்ப்பு வரும். மூன்று மாதம் தொடர்ந்து பத்தாயிரமாவது வந்தால் அப்போது ராஜினாமாவைப் பற்றி யோசியுங்கள். தனியாக இல்லை, வீட்டில் உட்கார்ந்து பேசி.

தறிநாடா:
மூன்று மாதம் போதாது. ஒரு வருடம் வரட்டும். சிறு கம்பெனிக்குப் போனால் சம்பளம் குறையும், ஆனால் ஆறு மணிக்கு வீடு வரலாம். அதையும் யோசியுங்கள்.

நொய்யல்கரை:
நேற்று இரவு இதையெல்லாம் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தறிநாடா அண்ணன் சொன்ன மளிகைக் கணக்கு வந்ததும் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். இப்போதைக்கு ராஜினாமா இல்லை. ஷிப்மென்ட் பொறுப்பு இல்லாத பிரிவுக்கு மாற்றச் சொல்லித் திங்கட்கிழமை கேட்கப்போகிறேன்.

ஆடிக்காற்று அக்கா, மொழிபெயர்ப்புக்குக் காசு வார்த்தைக் கணக்கிலா, பக்கக் கணக்கிலா? முன்பணம் கேட்கலாமா?

ஆடிக்காற்று:
வார்த்தைக் கணக்கில் பேசுங்கள், மூலத்தின் வார்த்தையா தமிழின் வார்த்தையா என்பதையும் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். முன்பணம் கட்டாயம் கேளுங்கள்.