திருப்பூர்ல வேலை போச்சுன்னு போட்டிருந்தேன்ல, அதுக்கு அப்டேட்

2025 ஆகஸ்ட் 27ல நம்ம நாட்டு சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதம் ஆனதும் எங்க பனியன் கம்பெனில ஆர்டர் நின்னு வேலை போச்சு, வாடகைக்கே வழியில்லன்னு எழுதியிருந்தேன், என்னாச்சுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இப்ப பரவாயில்லைங்க. கூட வேலை பாத்த, தச்ச துணிய சரிபாக்கற செக்கிங் அக்கா, அவங்களுக்கே பாதி நாள்தான் வேலை, சீட்டு எடுத்த காசுல என் வாடகைய போட்டு விட்டாங்க, எப்ப தருவேன்னு ஒரு வார்த்தை கேக்கல. இன்னொரு ஃப்ரெண்ட் அரிசி மூட்டைய வாசல்ல இறக்கிட்டு நான் வெளிய வர்றதுக்குள்ள வண்டிய எடுத்துட்டான், நான் சங்கடப்படுவேன்னு. மனசு நெறஞ்சு போச்சுங்க. அவன் மச்சானோட பவர் டேபிள் யூனிட்ல, அதாவது மோட்டார் தையல் மெஷின் போட்ட சின்ன தையல் யூனிட்ல, உள்ளூர் ஆர்டர் ஓடுது, அங்கதான் பீஸ் ரேட்டுக்கு தைக்கிறேன். அடகுல இருக்கற செயின் ஏலத்துக்கு போகாம வட்டி கட்டியாச்சு. அக்கா காச மாசாமாசம் கொஞ்சங்கொஞ்சமா ஜிபேல அனுப்பறேன், மொதல்ல புள்ள ஃபீஸ கட்டுன்னு திட்டறாங்க.