பி.எஸ்.டபிள்யூ.: களப்பணியில் தேறாதவருக்குப் பட்டம் தரலாமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எங்கள் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் சமூகப்பணி இளங்கலைப் (பி.எஸ்.டபிள்யூ.) பட்டத்துக்கான விதிகளைத் திருத்த இருக்கிறார்கள். கருத்துக் கேட்டு அனுப்பிய வரைவு எனக்கும் வந்தது. அதில் இரண்டு மாற்றங்கள் முக்கியமானவை. மூன்றாம் பருவம் முதல் ஆறாம் பருவம் வரை வாரம் இரண்டு நாள் வெளி அமைப்புகளில் நடக்கும் களப்பணி இனி ஒரு நாளாகும். களப்பணியில் தனியே தேற வேண்டும் என்ற விதி நீங்கி, எழுத்துத் தாள்களோடு சேர்த்துக் கூட்டி 40 விழுக்காடு வந்தால் பட்டம் கிடைத்துவிடும். நாளைக் குறைப்பது பற்றி அமர்ந்து பேசலாம். இரண்டாவது மாற்றத்தை ஏற்கவே முடியாது என்பது என் கருத்து.

பிளஸ் டூ தேர்ச்சி, தமிழும் ஆங்கிலமும் உள்ளிட்ட தாள்கள், 75 விழுக்காடு வருகை, குறித்த கிரெடிட்டுகள் (படிப்பு நேரத்தை அளக்கும் அலகுகள்) ஆகியவை எல்லா இளங்கலைப் படிப்புக்கும் பொதுவானவை. பி.ஏ. சமூகவியல் படிப்பவரும் இவற்றை முடித்துத்தான் பட்டம் வாங்குகிறார். பி.எஸ்.டபிள்யூ. படிப்பவர் அவரிடமிருந்து வேறுபடுவது, துன்பத்தில் இருக்கும் ஒரு மனிதரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசவும், அவருக்கு உரியதை வாங்கித்தர அலுவலகம் ஏறி இறங்கவும் மேற்பார்வையோடு பழகியிருக்கிறார் என்பதில்தான். 1936-இல் பம்பாயில் டாடா பெயரால் நாட்டின் முதல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கிய நாள்தொட்டு, 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் நிறுவிய பள்ளி உட்பட, இந்தக் கல்வியில் வகுப்பறையும் களமும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

பதினான்கு ஆண்டுகளாகத் திருவாரூர்ப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் மாணவர்களை மேற்பார்வை செய்கிறேன். சென்ற ஆண்டு ஒருவர் கொண்டுவந்த களப்பணிப் பதிவேட்டில் எட்டு நாள் அறிக்கைகள் இருந்தன. எட்டும் ஒரே மை, ஒரே சாய்வு. ஐந்தாவது அறிக்கையில், காலை முதல் மதியம் வரை அங்கன்வாடியில் குழந்தைகளோடு இருந்ததாக எழுதியிருந்தார். தேதியைப் பார்த்தேன். அன்று தீபாவளி. எழுத்துத் தாள்களில் அவர் அறுபதுக்குக் குறைந்ததே இல்லை. புதிய விதிப்படி அவருக்குப் பட்டம் உண்டு. நாளை ஒரு குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பு அவர் கைக்குப் போனால் என்ன ஆகும்?

குடமுருட்டி எழுதியது:

தோழர் வெண்ணாற்றங்கரைக்கு வணக்கம். நான் டெல்டாவில் வேறொரு கல்லூரியில் சமூகப்பணி கற்பிக்கிறேன். உங்கள் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் இரண்டு மாற்றங்களையும் ஆதரிக்கிறேன்.

முதலில் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு வரையறையில் 30 மணி நேரக் களப்பணி ஒரு கிரெடிட். நாளுக்கு ஏழு மணி நேரம், பருவத்துக்குப் பதினைந்து வாரம், நான்கு பருவம் என்று கொண்டால், வாரம் இரண்டு நாள் களப்பணி 840 மணி நேரமாகிறது. அதற்கு 28 கிரெடிட் தர வேண்டும். 140 கிரெடிட் கொண்ட ஒரு படிப்பில் மொழித்தாள்களும் மற்றவையும் போக அதற்கு இடமில்லை என்பதால், பாதிக்கும் குறைவாகக் கொடுத்து மாணவரின் உழைப்பை வாங்கிக்கொள்கிறோம். வாரம் ஒரு நாள் என்றால் 420 மணி நேரம். அமெரிக்காவில் சமூகப்பணிக் கல்வியை அங்கீகரிக்கும் குழுவே இளங்கலைக்குக் குறைந்தது 400 மணி நேரம்தான் கேட்கிறது.

அடுத்து, இந்தப் பட்டத்துக்கு வெளியே உள்ள மதிப்பைப் பாருங்கள். வழக்கறிஞர்களுக்கு இருப்பதைப் போல் சமூகப்பணிக்கென, சட்டப்படி அமைந்த நாடளாவிய தனிக் குழு இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநலச் சமூகப்பணியாளர் என்று ஏற்பது முதுகலையும் அதன்மேல் எம்.ஃபில். படிப்பும் முடித்தவரை. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் நான்காம் பிரிவு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் அமரும் சமூகப்பணியாளருக்கு ஏழாண்டுக் குழந்தை நலப்பணியைக் கேட்கிறது. அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருக்கலாம் என்கிறது. சமூகப்பணிப் பட்டம் அந்த வரிசையிலேயே இல்லை. வெளியே வாசல்கள் அடைத்திருக்கும்போது உள்ளேயும் ஒரு பூட்டுப் போடுவது எதற்கு?

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். எழுத்துத் தேர்வின் விடைத்தாள் முகம் தெரியாத ஒருவரிடம் போகிறது. களப்பணி மதிப்பெண் முகம் பார்த்துப் போடப்படுகிறது. என் மாணவி ஒருத்தியை ஒரு கிராமத்து அமைப்புக்கு அனுப்பினோம். முதல் நாளே அங்குள்ள பொறுப்பாளர் கேட்ட கேள்வி, “நீ எந்தத் தெரு பாப்பா?” அவள் சொன்னாள். அதன்பிறகு அவளைக் கூட்டங்களுக்கு அழைக்கவில்லை. கோப்பு அடுக்க வைத்தார்கள். பருவ முடிவில் “ஆர்வமில்லை” என்று எழுதி நூற்றுக்கு 35 போட்டார்கள். தனித்தேர்ச்சி விதி இருந்ததால் அவள் ஓராண்டு இழந்தாள். இந்த மண்ணில் ஊரும் தெருவும் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பது நம் இருவருக்கும் தெரியும். ஒரு தனிமனிதரின் கையெழுத்தில் ஒரு பெண்ணின் பட்டத்தைக் கட்டிவைக்காதீர்கள்.

கோரையாறு எழுதியது:

ஐயா இருவருக்கும் வணக்கம். நான் பி.எஸ்.டபிள்யூ. மூன்றாம் ஆண்டு மாணவி. எங்களைப் பற்றிப் பேசுவதால் எழுதுகிறேன்.

எனக்கு ஒதுக்கிய அமைப்பு வீட்டிலிருந்து 32 கிலோமீட்டர். மன்னார்குடி வரை நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. அதற்கு அப்பால் புறநகர்ப் பேருந்துக்குக் காசு கொடுக்க வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயில் பெரும்பகுதி அதற்கே போகிறது. காலை 6.40 வண்டியை விட்டால் அடுத்தது ஒன்பதுக்கு. வாரத்தில் இரண்டு நாள் களம் என்றால், சம்பா நடவின்போது அம்மாவுடன் இறங்கியிருக்க வேண்டிய இரண்டு நாள் கூலியும் இல்லை. தை மாத அறுவடையில் நான் மூன்று களநாள்கள் வரவில்லை. காரணம் சொன்னேன். வருகையில் கழித்தார்கள்.

இருந்தாலும் நாளைக் குறைக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். வாரம் ஒரு நாள் போனால், போன வாரம் பேசியவர் இந்த வாரம் நாற்றங்காலில் இருப்பார், அதற்கடுத்த வாரம் எனக்குப் பருவத் தேர்வு இருக்கும். எங்களைத் தோற்கடிப்பது களப்பணி இல்லை ஐயா. விதை விடுவதும் அறுப்பதும் தெரியாத நாட்காட்டி. தனித்தேர்ச்சி இருக்கட்டும், தவறிய நாளை மே மாதத்தில் ஈடுசெய்ய ஒரு வழி இருந்தால் போதும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

தங்கை கோரையாற்றின் பதிவை இரண்டு முறை படித்தேன். மே மாத ஈடு நியாயமானது, என் கடிதத்தில் சேர்க்கிறேன்.

குடமுருட்டி தோழருக்கு: அமெரிக்கக் கணக்கில் 400 மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது முழுக் கணக்காகாது. அந்த 400 மணி நேரத்துக்கும் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் சமூகப்பணியில் பட்டம் பெற்று, அதன்பின் இரண்டாண்டு பணி அனுபவமும் உடையவராக இருக்க வேண்டும். முன் அனுபவத்தைக் காட்டிக் களப்பணியைத் தள்ளுபடி செய்யவும் அங்கே இடமில்லை. நம் பக்கம் களப்பணி மேற்பார்வை என்ற பெயரில் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் முத்திரை குத்துகிறவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும்.

சட்டம் பற்றியும் ஒன்று. நீங்கள் காட்டிய அதே சிறார் நீதிச் சட்டத்தில், 2021-இல் திருத்திய 27-ஆம் பிரிவு குழந்தை நலக் குழு உறுப்பினருக்கான பட்டங்களில் சமூகப்பணியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதே 2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டமும் மருத்துவச் சமூகப்பணியாளரைப் பட்டியலில் வைத்திருக்கிறது. வாசல் ஒவ்வொன்றாகத் திறந்துவரும் நேரத்தில் நாம் தரத்தைத் தளர்த்தலாமா?

மாணவி சொன்ன தொடர்ச்சிக்கு என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோட்டூர்ப் பக்கம் ஒரு குக்கிராமத்தில் என் மாணவர் ஒரு மூதாட்டியைச் சந்தித்தார். முதல் மூன்று சந்திப்பிலும் “எனக்கென்ன தம்பி குறை, எல்லாம் வருது” என்றே சொன்னார். நான்காம் முறை அவர் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினார். அப்போதுதான் அந்த அம்மா விரல்களை விரித்துக் காட்டினார். நாற்று நட்டு நட்டு ரேகை தேய்ந்திருந்தது. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் மாதாமாதம் கணக்குக்கு வந்தும், பணம் கொண்டுவருபவரின் கருவியில் ரேகை விழாததால் ஏழு மாதமாகக் கைக்கு வரவில்லை. “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று ஏழு முறை சொல்லியிருக்கிறார்கள். மாணவர் அவரை வங்கிக் கிளைக்கே அழைத்துச்சென்று படிவம் நிரப்பி 8,400 ரூபாயை எடுத்துக்கொடுத்தார். அந்த நான்காம் சந்திப்புக்கு எழுத்துத் தாளில் எத்தனை மதிப்பெண் வைத்து ஈடுகட்டுவீர்கள்?

உப்பளத்துக்கரை எழுதியது:

நான் வேதாரண்யம் பக்கம் மகளிர் குழுத் தலைவியாக இருந்தவள். சமூகப்பணி படித்தவள் இல்லை. படிக்க வந்தவர்களைப் பார்த்தவள்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் எங்கள் கரையில் ஏறியது. அடுத்த மூன்று மாதத்துக்குள் எங்கள் தெருவுக்கு ஐந்து மாணவர் குழுக்கள் வந்தன. ஐந்தும் ஒரே கேள்விகள். வீடு ஓடா கீற்றா, தென்னை எத்தனை சாய்ந்தது, குடும்ப வருமானம் எவ்வளவு. தார்ப்பாயின் கீழ் அடுப்பு மூட்ட விறகு காயாத நேரத்தில் அவர்களுக்கு உட்காரப் பாய் தேடினோம். நான்கு குழுக்கள் திரும்ப வரவில்லை. அவர்களுக்கும் மதிப்பெண் கிடைத்திருக்கும். ஐந்தாவது குழுவில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் எட்டு வாரம் வந்தது. நிவாரணப் பட்டியலில் விடுபட்ட பதினொரு வீட்டுக்கு மனு எழுதி, கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில் எங்களோடு வரிசையில் நின்றது. அந்தப் பிள்ளை தேறியதா என்பது எங்களுக்குத் தெரியாது. எங்களை யாரும் கேட்கவில்லை.

நீங்கள் இருவரும் கல்லூரி மதிப்பெண் போடுவதா, அமைப்பு போடுவதா என்று பேசுகிறீர்கள். யார் வீட்டுக்கு வந்து படித்தார்களோ அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பட்டம் கொடுங்கள்.

குடமுருட்டி எழுதியது:

அம்மா, உங்கள் பதிவுக்குப் பிறகு என் பக்கத்தில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். கூட்டு மதிப்பெண் விதி வந்தால் அந்த நான்கு குழுக்களைப் போன்றவர்கள் பெருகுவார்கள். அதை மறுக்க முடியாது. நாள் குறைப்பையும் நான் இனி வற்புறுத்தவில்லை. அதைக் கேட்கும் உரிமை மாணவிக்குத்தான் அதிகம், அவர் வேண்டாம் என்கிறார்.

ஆனால் தனித்தேர்ச்சி தொடர வேண்டுமென்றால், என் மாணவிக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாது. அமைப்பு தரும் மதிப்பெண் மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மீதியை வாராந்திரத் தனிச்சந்திப்பு, பதிவேடு, வெளித்தேர்வாளர் முன் வாய்மொழித் தேர்வு என்று பிரிக்க வேண்டும். தோல்வி என்று எழுதும் முன் மாணவரை நேரில் அழைத்துக் கேட்டு, கேட்டதை எழுத்தில் வைக்க வேண்டும். முதல் நாளே “எந்தத் தெரு” என்று கேட்கும் அமைப்புக்கு மறுபடி மாணவரை அனுப்பக் கூடாது.

மக்களிடம் கேட்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஊரில் யாரைக் கேட்பது? பெரும்பாலும் குரல் உயர்ந்தவரைத்தான் கேட்போம். அது மறுபடியும் அதே தெருப் பிரச்சினைக்குக் கொண்டுபோய் விடும்.

உப்பளத்துக்கரை எழுதியது:

ஊர்ப்பெரியவரைக் கேட்கச் சொல்லவில்லை ஐயா. மனு எழுதிக் கொடுத்த அந்தப் பதினொரு வீட்டைக் கேளுங்கள்.

கோரையாறு எழுதியது:

ஐயா, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களையும் நினைவில் வையுங்கள். என் வகுப்புத் தோழி ஒரு முதியோர் இல்லத்தில் மாலையில் பராமரிப்புப் பணி செய்து படிக்கிறாள். அங்கேயே களப்பணி செய்ய அனுமதி கேட்டாள், மறுத்துவிட்டார்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அமெரிக்க விதியில் வேலை செய்யும் இடத்திலேயே களப்பணிக்கு இடமுண்டு. அங்கு செய்யும் வேலை படிப்பின் திறன்களோடு பொருந்த வேண்டும், மேற்பார்வையும் முறைப்படி இருக்க வேண்டும். தோழியின் வழக்கமான பராமரிப்பு வேலையைக் களப்பணியாகக் கணக்கிட முடியாது. அதே இல்லத்தில் முதியோரின் குடும்பங்களைச் சந்திப்பது, குழுப்பணி நடத்துவது என்று வேறு பொறுப்பு கொடுத்துக் கல்லூரி ஆசிரியரே மேற்பார்த்தால் அனுமதிக்கலாம். இதையும் சேர்க்கிறேன்.

கல்லூரிக்கு அனுப்பும் கடிதத்தில் இப்போது உள்ளவை: வாரம் இரண்டு களநாள், உரிய கிரெடிட்டுகள், தனித்தேர்ச்சி, தவறிய நாளுக்கு மே மாதத்தில் ஈடு, அமைப்பின் மதிப்பெண் நான்கில் ஒரு பங்கு, தோல்விக்கு முன் நேர்முக விசாரணை, மாணவர் பணியாற்றிய வீடுகளில் மூன்றையாவது துறை ஆசிரியர் நேரில் சென்று கேட்பது. மாணவரின் பயணச் செலவைக் கல்லூரி ஏற்பதையும் எழுதியிருக்கிறேன். அது கிடைக்கும் வரை 15 கிலோமீட்டருக்கு அப்பால் யாரையும் அனுப்பக் கூடாது என்றும்.

குடமுருட்டி எழுதியது:

வீடுகளைக் கேட்கும் பிரிவில் “மதிப்பெண்ணுக்கு அல்ல, மேற்பார்வைக்கு” என்ற சொற்களைச் சேர்த்தால் நானும் கையெழுத்திடுகிறேன்.

உப்பளத்துக்கரை எழுதியது:

அந்தச் சொற்கள் வேண்டாம் என்பது என் கருத்து. அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.