மறு: 'மைனர்' படிப்புக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

> 'துணைப்பாடம்' போதுமே?

போதாது ஐயா. நம் கல்லூரிகளில் துணைப்பாடம் என்றால் அலைடு பேப்பர். இயற்பியல் மாணவர் கணிதம் படிப்பது மாதிரி. எதைப் படிப்பது என்று பெரும்பாலும் கல்லூரியே முடிவு செய்துவிடும். நான் மொழிபெயர்ப்பது ஓர் அமெரிக்கக் கல்லூரியின் பாடத்திட்டம். அங்கே மைனர் என்பது முதன்மைப் பாடத்தோடு கூட, மாணவர் தாமாக விரும்பி எடுக்கும் சிறு படிப்பு. பெண், பாலினம் குறித்த மைனர் என்றால் பெரும்பாலும் ஐந்தாறு தாள்கள். அறிமுகத் தாளை முடித்துவிட்டு, மீதியை வரலாறு, சமூகவியல், இலக்கியம், உயிரியல் என்று பல துறைகளிலிருந்தும் பொறுக்கிக்கொள்ளலாம். ('மைனர்' என்றே எழுதலாம் என்பவர்களுக்கு: எங்கள் ஊரில் அதைக் கேட்டால் கழுத்துச் சங்கிலிதான் நினைவுக்கு வரும்.)

'இண்டர்டிசிப்ளினரி' (துறைகள் ஒன்றோடொன்று கலப்பது) என்பதற்குப் 'பல்துறை'யும் சரிப்படாது. துறைகள் சும்மா பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அது பல்துறைதான். இங்கே ஒரு துறைக்குள் இன்னொன்று புகுந்து கேள்வி கேட்கிறது. உதாரணத்துக்கு, 1977-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைடு என்ற மருந்தால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த கொடுமைக்குப் பின் வந்த பயம். 1993-ல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். இது மருந்தியலா, சட்டமா, வரலாறா? மூன்றும் தெரியாமல் இதைப் பேச முடியாது.

ஆகவே என் பரிந்துரை: ஊடுபாடம். ஊடுபயிரை ஒட்டிச் செய்தது. நிலக்கடலைக்கு நடுவே துவரை போடுகிறோமே, அதுபோல முதன்மைப் பாடம் ஒருபக்கம் இருக்க, இதுவும் அதே மண்ணில் வளர்கிறது. 'இண்டர்டிசிப்ளினரி'க்கு ஊடுதுறை.

> வட மாவட்டங்களில் வீட்டை 'ஊடு' என்போம். வீட்டுப்பாடம் என்று நினைத்துவிட மாட்டார்களா?

அது 'ஊட்டுப்பாடம்' என்றல்லவா வரும்! ஊடுருவல், ஊடுகதிர் (எக்ஸ்-ரே) எல்லாம் சிக்கலில்லாமல்தானே புழங்குகின்றன? ஊடல் நினைவுக்கு வருகிறது என்று யாராவது கிண்டலடிக்கலாம். அடிக்கட்டும்.

அப்புறம், அந்த மைனரின் பெயரில் முன்பாதி, அதாவது 'பெண், பாலினம்' என்பது. 1970-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் இந்தப் படிப்பு தொடங்கியபோது அது மகளிரியல் மட்டும்தான். பிற்பாடு பல கல்லூரிகள் பாலினத்தையும் பெயரில் சேர்த்தன. 'பாலியல்' வேண்டவே வேண்டாம், செய்தித்தாள்களில் அது பெரும்பாலும் குற்றச் செய்தியில் வரும் சொல்லாகிவிட்டது. 'பாலினக் கல்வி' என்றால் பாதிப் பேர் பாலியல் கல்வி என்றே படிப்பார்கள். 'மகளிர்-பாலினவியல்' தேவலை.

வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: "உயிரியலை முதன்மைப் பாடமாகவும் மகளிர்-பாலினவியலை ஊடுபாடமாகவும் எடுத்தார்."

உறுத்தினால் எந்த இடம் என்று சொல்லுங்கள்.